எளிய பஸ்

அந்த வெள்ளிக்கிழமை மதியம் மீட்டிங் அறையில் ஏழு பேர் இருந்தோம். ஐந்து பேர் தம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தம்பி தன் லேப்டாப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தம்பி என்றால் கூடப் பிறந்தவன் இல்லை. டீமில் சேர்ந்து எட்டு மாதம் ஆகியிருந்த ஜூனியர். கோயம்புத்தூர் ஆபீஸ்களில் இப்படி ஒரு வழக்கம். அவன் என்னை அக்கா என்பான், நான் அவனைத் தம்பி என்பேன், மேனேஜரை மட்டும் எல்லோரும் சார் என்போம்.

சாயப்பட்டறைகளின் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையங்களில் வைக்கும் ஒரு பெட்டியை எங்கள் கம்பெனி செய்துகொண்டிருந்தது. எவ்வளவு தண்ணீர் ஓடுகிறது, அதன் பிஹெச் என்ன என்று சென்சார்களிடம் கேட்டு, மொபைல் நெட்வொர்க் வழியாக அனுப்புகிற பெட்டி. உள்ளே லினக்ஸ் ஓடும். அந்த வாரம் புதன்கிழமை திருப்பூர்ப் பக்கம் பதினொரு பெட்டிகளுக்குப் புதிய கெர்னலை அனுப்பியிருந்தோம். பதினொன்றும் எழுந்தன. ஒரு நிமிஷம்கூட முழுசாக ஓடாமல் உறைந்து நின்றன. வாட்ச்டாக் டைமர் அவற்றைத் தட்டி மறுபடி எழுப்பியது. மறுபடி உறைந்தன. ரெண்டு நாளாக இதே கதை.

கெர்னலை மாற்றியது தம்பி. கமிட்டில் அவன் பெயர்தான் இருந்தது.

"டெஸ்ட் பண்ணியா இல்லியாப்பா?" என்றார் சார்.

"பண்ணேன் சார். மேஜை மேல ரெண்டு நாள் ஓடுச்சு."

"அப்புறம் எப்படி சைட்ல மட்டும் சாகுது?"

"தெரியலீங்க சார். எந்த எர்ரரும் வரல. எஃப்பிஜிஏவைக் கண்டுபிடிச்சேன்னு லாக்ல வருது. கொஞ்ச நேரம் கழிச்சு அப்படியே நின்னுடுது. கடைசி வரி பாதியிலேயே நிக்குது."

பாதியில் நிற்கிற கடைசி வரி என்றதும் எனக்கு அடிவயிற்றில் என்னமோ செய்தது. அது என்னவாக இருக்கக்கூடும் என்று அந்த நொடியே ஒரு யோசனை வந்துவிட்டது. நூறு சதவீதம் உறுதி இல்லை, அறுபது எழுபது என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் ஒன்றும் சொல்லவில்லை.

அந்த அறுபது எழுபது சதவீதம் என்ன என்பதைச் சொல்ல வேண்டுமானால், முதலில் பஸ் பற்றிச் சொல்ல வேண்டும்.

*

என்ன வேலை பார்க்கிறாய் என்று அம்மா ஒருமுறை கேட்டபோது, "பஸ் எந்த ரூட்ல போகுது, யார் யார் ஏறியிருக்காங்கன்னு எழுதிக் குடுக்கிற வேலைம்மா" என்றேன். "கவர்மென்ட் வேலையா?" என்றார் அம்மா. நான் சொன்னது முழுப் பொய்யும் இல்லை. இரண்டு பஸ்ஸும் ஒரே சொல்லின் வால்தான். லத்தீனில் ஆம்னிபஸ் என்றால் எல்லோருக்கும் என்று பொருள். ஊருக்குப் போகிற ஆம்னி பஸ்ஸும் அதுதான். சிப்புக்குள் பல பாகங்கள் பகிர்ந்துகொள்கிற கம்பிக் கூட்டமும் அதுதான். 1970இல் வந்த பிடிபி-8/ஈ என்ற கணினியில் பஸ்ஸின் பெயரே ஆம்னிபஸ்.

கம்ப்யூட்டருக்குள் இருக்கும் பஸ்களை நான் ரெண்டாகப் பிரிப்பேன். கேட்டால் பேசுபவை, கேட்டாலும் பேசாதவை.

பிசிஐ பேசும். கெர்னல் ஒவ்வொரு இடமாகப் போய்க் கதவைத் தட்டி, நீ யார் என்று கேட்கும். அங்கே ஒரு கார்டு இருந்தால், என்னைச் செய்த கம்பெனியின் எண் இது, என் மாடல் எண் இது, எனக்கு இவ்வளவு முகவரி இடம் வேண்டும் என்று சொல்லும். யாரும் இல்லாவிட்டால் எல்லா பிட்டும் ஒன்றாகத் திரும்பி வரும். வீடு காலி என்று அர்த்தம். யூஎஸ்பியும் பேசும். பென் டிரைவைச் செருகினால் அது தன் ஜாதகத்தையே ஒப்பிக்கும். உங்கள் லேப்டாப்பில் எதைச் செருகினாலும் தானாக வேலை செய்வது அதனால்தான்.

ஃபோனிலும் ரவுட்டரிலும் எங்கள் பெட்டியிலும் இருக்கிற சிப்கள் வேறு மாதிரி. அவற்றுக்குள் சீரியல் போர்ட், டைமர், ஜிபிஐஓ என்று பல பாகங்கள் ஒரு பஸ்ஸில் தொங்கிக்கொண்டிருக்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரு முகவரி உண்டு. ஆனால் யாரும் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்வதில்லை. சரியான முகவரியில் எழுதினால் வேலை நடக்கும். தவறான முகவரியில் எழுதினால் வேறு எதுவோ நடக்கும், அல்லது ஒன்றுமே நடக்காது. கேட்டுத் தெரிந்துகொள்ள வழியே இல்லை. முன்பே தெரிந்த ஒருவர் எழுதிக் கொடுத்தால்தான் உண்டு.

அப்படி எழுதிக் கொடுப்பதுதான் என் வேலை. எழுதுகிற தாளின் பெயர் டிவைஸ் ட்ரீ.

இதன் பூர்வீகம் சன் நிறுவனத்தின் ஓபன்பூட். அதைப் பொதுவாக்கி ஓபன் ஃபர்ம்வேர் என்ற பெயரில் 1994இல் ஐஈஈஈ 1275 என்று தரப்படுத்தினார்கள். ஆப்பிளின் பவர்பிசி மேக்குகளிலும் அதுதான் இருந்தது. அந்த ஏற்பாட்டில் மெஷினே தன்னை விவரிக்கும். செருகும் கார்டுகளும் தம்மைப் பற்றிய ஒரு சின்ன நிரலைத் தம்மிடமே வைத்திருக்கும். பிறகு சின்னச் சின்ன போர்டுகளுக்கு அவ்வளவு பெரிய ஃபர்ம்வேர் தேவையில்லை, விவரணை மட்டும் ஒரு தனி ஃபைலாக இருந்தால் போதும் என்று லினக்ஸின் பவர்பிசி ஆட்கள் முடிவு செய்தார்கள். அப்போதுதான் மெஷின் சொன்ன கதை மனிதர் எழுதும் கதையாக மாறியது.

ஏஆர்எம் சிப்களில் இது கொஞ்சம் தாமதமாகத்தான் வந்தது. அங்கே ஒவ்வொரு போர்டுக்கும் கெர்னலுக்குள்ளேயே ஒரு சி ஃபைல் இருக்கும். எந்த முகவரியில் என்ன இருக்கிறது என்று அதில் எழுதியிருப்பார்கள். புது போர்டு வந்தால் புது ஃபைல். போர்டுகள் பெருகப் பெருக ஃபைல்களும் பெருகி, 2011 மார்ச்சில் லினஸ் டோர்வால்ட்ஸ் பொறுமை இழந்து கடுமையாகவே திட்டினார். அதன் பிறகுதான் ஏஆர்எம் உலகம் வேகவேகமாக டிவைஸ் ட்ரீக்கு நகர்ந்தது. விவரணை கெர்னலை விட்டு வெளியே வந்தது. இன்று அதே முறையை யூ-பூட்டும் ஃப்ரீபிஎஸ்டியும் ஸெஃபிரும் பின்பற்றுகின்றன.

*

மரம் என்பதால் அதில் ஒவ்வொரு பாகத்தையும் நோட் என்பார்கள். நான் கணு என்று சொல்லிக்கொள்கிறேன், மரத்துக்கும் கரும்புக்கும் பொருத்தமான சொல். ஒரு கணுவுக்குள் சில வரிகள் இருக்கும். "கம்பாட்டிபிள்" என்ற வரி நான் யார் என்று சொல்லும். "ரெக்" என்ற வரி என் முகவரியையும் அளவையும் சொல்லும். பஸ்ஸும் ஒரு கணுதான். அதில் தொங்கும் பாகங்கள் அதன் குழந்தைகள்.

பஸ் கணுவில் "ரேஞ்சஸ்" என்று ஒரு வரி வரும். இந்த வேலையில் எனக்கு முதலில் பிடித்துப்போனது அதுதான்.

ராஸ்பெர்ரி பையை எடுத்துக்கொள்வோம். 2012இல் வந்த முதல் பையில் இருந்த சிப் பிசிஎம்2835. அதன் கையேட்டில் ஜிபிஐஓவின் முகவரி 7ஈ200000 என்று போட்டிருக்கும். இது பதினாறடிமான எண். ஒன்பதுக்குப் பிறகு எண்கள் தீர்ந்துவிடுவதால் ஏ முதல் எஃப் வரை எழுத்துகள் வரும். ஆனால் ப்ராசஸர் அந்த முகவரிக்குப் போனால் ஜிபிஐஓ அங்கே இருக்காது. அதன் பார்வையில் ஜிபிஐஓ இருப்பது 20200000இல். கையேட்டிலும் தப்பில்லை. பஸ்ஸுக்குள் இருந்து பார்த்தால் ஒரு முகவரி, வெளியே இருந்து பார்த்தால் இன்னொன்று. எங்கள் தெருவை ஊர்க்காரர்கள் பழைய பெயரிலும் தபால்காரர் புதிய பெயரிலும் அழைப்பதைப்போல.

ரேஞ்சஸ் வரி இந்த இரண்டுக்கும் நடுவே நின்று மொழிபெயர்க்கிறது. உள்ளே 7ஈ000000 என்று தொடங்குவது வெளியே 20000000 என்று தொடங்கும், இவ்வளவு நீளத்துக்கு. அவ்வளவுதான், மூன்று எண்கள்.

2015இல் பை 2 வந்தது. அதில் ஒரு ஜிபி மெமரி. பாகங்கள் பழையபடி 512 எம்பி எல்லையிலேயே உட்கார்ந்திருந்தால் மெமரிக்கு இடம் போதாது. அதனால் அவை 3எஃப்000000க்கு நகர்ந்தன. 2019இல் பை 4 வந்தபோது எஃப்ஈ000000க்குப் போய்விட்டன. ஆனால் இந்த மூன்று தலைமுறைக்கும் பொதுவான ஃபைலில் ஜிபிஐஓ கணு இன்றைக்கும் 7ஈ200000 என்றே இருக்கிறது. வீடு மாறினாலும் குழந்தைகள் தங்கள் கதவு எண்ணை மாற்றவில்லை. தாய்க் கணுவின் ரேஞ்சஸ் மட்டும் மாறியது.

இதே ரேஞ்சஸில் ஒரு நுட்பமும் உண்டு. உள் முகவரியும் வெளி முகவரியும் ஒன்றாகவே இருந்தால் எண்கள் எதுவும் வேண்டாம். ரேஞ்சஸ் என்று பெயரை மட்டும் எழுதி ஒரு அரைப்புள்ளி வைத்தால் போதும். எதையும் மாற்றத் தேவையில்லை, எல்லாம் அப்படியே என்று அதற்கு அர்த்தம். அந்த வரியையே எழுதாமல் விட்டால்? அதுவும் அப்படியே என்றுதான் அர்த்தம் வரும் என நினைப்போம். வராது. இந்தப் பஸ்ஸுக்குள் இருப்பவர்களுக்கும் வெளி உலகத்துக்கும் சம்பந்தமே இல்லை என்று அர்த்தம். குழந்தைகளின் டிரைவர்கள் முகவரி கிடைக்காமல் திரும்பிப் போய்விடும். இதை மன்னித்து வெறுமையாகவே எடுத்துக்கொள்ளும் விலக்கு, பழைய பவர் மேக்கிண்டாஷ் போன்ற சிலவற்றுக்காக லினக்ஸில் இருக்கிறது. அந்த மெஷின்கள் அப்படித்தான் எழுதி வந்தன, இனி மாற்ற முடியாது என்பதால்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் இந்த ஒரு வார்த்தைக்காக மூன்று நாள் தலையைப் பிய்த்துக்கொண்டேன். என் சீனியர் வந்து பார்த்துவிட்டு சொன்னார்: "கேட்டதுக்கு ஒண்ணுமில்லைன்னு சொல்றது வேற. பதிலே சொல்லாம இருக்கிறது வேற. ரெண்டையும் குழப்பிக்காதே."

நான் அதை டெக்னிக்கல் அறிவுரை என்று நினைத்து நோட்டில் எழுதி வைத்தேன்.

*

இனி என் வரிக்கு வருகிறேன்.

பஸ் கணுவின் கம்பாட்டிபிள் வரியில் "சிம்பிள்-பஸ்" என்று எழுதலாம். எளிய பஸ். கெர்னல் இந்தச் சொல்லைப் பார்த்தால், இந்தப் பஸ்ஸுக்கென்று தனியாக டிரைவர் எதுவும் தேடாது. நேராக உள்ளே போய்க் குழந்தைகளை ஒவ்வொன்றாகப் பதிவு செய்துவிடும். அதனால் இதை எழுதுகிறவர் ஒரு வாக்குறுதி கொடுக்கிறார்: இந்தப் பஸ்ஸை எழுப்ப வேண்டியதில்லை, கரண்ட் கொடுக்க வேண்டியதில்லை, எதையும் செட் பண்ண வேண்டியதில்லை, முகவரி தெரிந்தால் நேராகப் போய்ப் பேசலாம். அந்த வாக்குறுதியைக் கெர்னல் சரிபார்ப்பதில்லை. சரிபார்க்க அதற்கு வழியும் இல்லை. பேசாத பஸ்ஸைப் பற்றி நாம் என்ன எழுதுகிறோமோ அதுதான் அதற்கு உண்மை.

எங்கள் பெட்டியில் சென்சார்களிடம் பேசுவது ஒரு எஃப்பிஜிஏ. அது மெயின் சிப்போடு வெளி மெமரி பஸ் ஒன்றின் வழியாக இணைந்திருந்தது. அந்தப் பஸ் ஓட ஒரு க்ளாக் வேண்டும். க்ளாக் என்றால் நேரம் காட்டுவது இல்லை, நாடித்துடிப்பு என்று சொல்லலாம். துடிப்பு நின்றால் பஸ்ஸும் நின்றுவிடும். அந்தச் சிப்பில் இன்னொரு கெட்ட குணம் உண்டு. க்ளாக் இல்லாத இடத்தில் ஒரு ரெஜிஸ்டரைப் படிக்கப் போனால் எர்ரர் திரும்பி வராது. எதுவுமே திரும்பி வராது. ப்ராசஸர் பதிலுக்காகக் காத்துக்கொண்டே நிற்கும். லாக்கில் கடைசி வரி பாதியில் நிற்கும்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் அந்தப் பஸ்ஸுக்கான கணுவை எழுதியது நான். சிம்பிள்-பஸ் என்று எழுதினேன்.

அது எளிய பஸ் இல்லை என்று எனக்குத் தெரியும். இதைத் தெரியாமல் செய்த தப்பு என்று சொல்லிக்கொள்ள எனக்கு வழியில்லை. அந்த க்ளாக்கை பூட்லோடரில் ஆன் செய்கிற வரியையும் நானேதான் எழுதியிருந்தேன். கெர்னல் வருவதற்கு முன்பே பூட்லோடர் அதை ஆன் செய்து வைத்துவிடும்; கெர்னல் வந்து பார்க்கும்போது எல்லாம் ஓடிக்கொண்டிருக்கும்; எளிய பஸ் மாதிரியே தெரியும். முறையாகச் செய்ய "சிம்பிள்-பிஎம்-பஸ்" என்று இன்னொரு சொல் இருக்கிறது. என் பஸ் எளியதுதான், ஆனால் அதற்கு க்ளாக்கோ மின்சாரமோ தேவை என்று சொல்லும் சொல். அதைப் போட்டால் க்ளாக்கின் பெயரையும் எழுத வேண்டும். அந்த க்ளாக் அப்போது கெர்னலின் க்ளாக் டிரைவரில் சேர்க்கப்படவே இல்லை. அதைச் சேர்க்க நாலைந்து நாள் ஆகும். டெமோ திங்கட்கிழமை. பெட்டி ஓடியது. கமிட் மெசேஜில் "எஃப்பிஜிஏ பஸ் சேர்க்கப்பட்டது" என்று மட்டும் எழுதினேன். க்ளாக் பற்றி ஒரு வரி கமென்ட் போட்டிருக்கலாம். அப்புறம் பார்க்கலாம் என்று விட்டேன். அந்த அப்புறம் மூன்று வருஷமாக வரவில்லை.

*

வெள்ளிக்கிழமை இரவு எல்லோரும் போனபிறகு, திரை இல்லாத ஒரு பெட்டியை எடுத்து மேஜைமேல் வைத்தேன். புதிய கெர்னலைப் போட்டேன். நாற்பது நொடியில் உறைந்தது. பிறகு பூட் வரியில் "க்ளாக்-இக்னோர்-அன்யூஸ்டு" என்று ஒரு சொல்லைச் சேர்த்து மறுபடி எழுப்பினேன். ஓடியது. பத்து நிமிஷம், அரை மணி நேரம், ஒரு மணி நேரம். ஓடிக்கொண்டே இருந்தது.

அந்தச் சொல்லின் பொருள் இதுதான். லினக்ஸ் எழுந்து டிரைவர்களையெல்லாம் ஓடவிட்ட பிறகு, கடைசியாக ஒரு முறை எல்லா க்ளாக்குகளையும் சுற்றிப் பார்க்கும். ஓடிக்கொண்டிருக்கிறது, ஆனால் எனக்கு வேண்டும் என்று யாரும் கேட்டு வாங்கவில்லை என்றால், வீணாக ஓடுகிறது என்று அணைத்துவிடும். ஆள் இல்லாத ரூமில் ஃபேனை அணைத்துவிட்டுப் போகும் அப்பாவைப்போல. அணைக்காதே என்று சொல்வதுதான் அந்தச் சொல்.

பழைய கெர்னலுக்கு எங்கள் பஸ்ஸின் க்ளாக் இருப்பதே தெரியாது. தெரியாததை அணைக்க முடியாது. அதனால் மூன்று வருஷம் தப்பித்தோம். புதிய கெர்னலில் சிப் கம்பெனிக்காரர்கள் க்ளாக் பட்டியலை ஒழுங்காக, முழுமையாக எழுதியிருந்தார்கள். எங்கள் க்ளாக்கும் அதில் வந்துவிட்டது. கெர்னல் பார்த்தது, யாருக்கும் வேண்டாம்போல என்று அணைத்தது. எஃப்பிஜிஏ டிரைவர் அதற்கு முன்பே எழுந்து எஃப்பிஜிஏவோடு பேசிவிட்டதால், கண்டுபிடித்தேன் என்ற வரி லாக்கில் நல்லபடியாக வந்தது. அதற்கப்புறம் எங்கள் அப்ளிகேஷன் முதல் ரீடிங் எடுக்கப் போனபோது பஸ்ஸுக்கு நாடி இல்லை.

சரி, தம்பியின் மேஜையில் மட்டும் எப்படி ஓடியது? அவனுடைய டெஸ்ட் போர்டில் ஒரு சின்னத் திரை மாட்டியிருந்தோம். சைட் பெட்டிகளில் திரை கிடையாது. அந்தத் திரையின் டிரைவரும் அதே க்ளாக்கைத்தான் பயன்படுத்தியது, ஆனால் முறைப்படி கேட்டு வாங்கியிருந்தது. அதன் கணக்கில் க்ளாக் ஓடியது, அந்த ஓசியில் எங்கள் பஸ்ஸும் ஓடியது. தம்பி ரெண்டு நாள் டெஸ்ட் செய்தது உண்மை. நாலு மாதம் செய்திருந்தாலும் அந்த போர்டில் பிடிபட்டிருக்காது.

இரவு பத்தரை மணிக்கு, எல்லாம் தெரிந்த பிறகும், ஒரு கமாண்டை அடித்தேன். கிட் ப்ளேம். ஒவ்வொரு வரியையும் கடைசியாகத் தொட்டது யார் என்று காட்டும் கமாண்ட். யார் பெயர் வரும் என்று தெரிந்தேதான் அடித்தேன். என் பெயர் வந்தது, மூன்று வருஷத்துக்கு முந்தைய ஒரு வெள்ளிக்கிழமை தேதியோடு.

அப்போதே ஃபோன் செய்திருக்க வேண்டும்.

*

செய்யவில்லை. ஏன் என்று அதற்குப் பிறகு பல தடவை யோசித்திருக்கிறேன். தூங்கியிருப்பான் என்று நினைத்தேன், முதலில். காலையில் சொல்லலாம். காலையில், சாரிடம் நேரில் சொல்வதுதான் முறை, திங்கட்கிழமை சொல்லலாம் என்று நினைத்தேன். இன்னும் ஒரு தடவை உறுதிப்படுத்திக்கொள்ளலாம் என்றும் நினைத்தேன், உறுதிப்படுத்த எதுவும் பாக்கி இல்லாதபோதும். உண்மையான காரணம் வேறு. அந்த மீட்டிங்கில் யாரோ ஒருவர், "பஸ் லேயர் அக்கா எழுதினது, அதுல இருக்காது, வேற பக்கம் பாருங்க" என்று சொல்லியிருந்தார். அந்த வாக்கியம் எனக்குப் பிடித்திருந்தது. இன்னும் ரெண்டு நாள் அதற்குள் குடியிருக்க விரும்பினேன்.

சனிக்கிழமை காலை டீம் குரூப்பில் ஒரு செய்தி வந்தது. பெட்டிகள் உறைந்து உறைந்து எழுவதால் தூரத்திலிருந்து பழைய கெர்னலுக்கு மாற்ற முடியவில்லை, நேரில் போய் எஸ்டி கார்டை மாற்றுவதுதான் வழி. தம்பி, "நானே போறேன் சார்" என்று போட்டிருந்தான். காந்திபுரத்தில் பஸ் ஏறிப் போனான். பதினொரு இடங்கள், சனி ஞாயிறு ரெண்டு நாள். ஒரு பட்டறையில் அந்தக் கண்ட்ரோல் பேனல் சாவி வைத்திருப்பவர் கல்யாணத்துக்குப் போயிருந்ததால் மூணு மணி நேரம் வாசலில் உட்கார்ந்திருந்ததாகக் குரூப்பில் எழுதினான். கூடவே ஒரு ஃபோட்டோ: நீலமும் பச்சையும் கலந்த தண்ணீர் தொட்டி, பக்கத்தில் அவன் செருப்பு. நான் அதற்குக் கட்டை விரல் போட்டேன்.

அவன் போயிருக்க வேண்டியது சரிதான், காரணம் யாருடையதாக இருந்தாலும் கார்டை மாற்றித்தான் ஆகவேண்டும். ஆனால் தன் தப்பு என்று நினைத்துக்கொண்டு போனான். ரெண்டு நாளும் அப்படி நினைத்துக்கொண்டே இருந்தான். இந்த இரண்டுக்கும் நடுவே உள்ள வித்தியாசத்தை நான் ஒரு ஃபோனில் இல்லாமல் செய்திருக்கலாம்.

திங்கட்கிழமை காலை சாரிடம் சொன்னேன். அவர் பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை. "ஓ, உங்க கோடா?" என்றார். "சரி, ஃபிக்ஸ் என்ன?" என்றார். வெள்ளிக்கிழமை அவனிடம் பேசிய குரலில் பேசவில்லை. அந்த மரியாதைதான் அன்றைக்கு இருந்ததிலேயே கஷ்டமாக இருந்தது.

ஃபிக்ஸ் சின்னது. கம்பாட்டிபிளில் சிம்பிள்-பஸ்ஸை எடுத்துவிட்டு சிம்பிள்-பிஎம்-பஸ் என்று மாற்றினேன். கீழே க்ளாக்கின் பெயரை எழுதினேன். அது மட்டும் போதாது. இந்த வகைப் பஸ், குழந்தைகளில் யாராவது நான் வேலையில் இருக்கிறேன் என்று சொன்னால்தான் விழித்திருக்கும். யாரும் சொல்லாவிட்டால் தூங்கிவிடும். அதனால் எங்கள் எஃப்பிஜிஏ டிரைவரிலும் அப்படிச் சொல்கிற நாலு வரிகளைச் சேர்த்தேன். பூட்லோடரில் க்ளாக்கை ஆன் செய்கிற என் பழைய வரியை அழித்தேன். அது இருக்கும்வரை, நாளைக்கு இன்னொருவர் இதே மாதிரி ஒன்றை எழுதினாலும் ஓடிவிடும். ஓடக்கூடாது. மேஜையிலேயே, முதல் நாளே உறைந்து நிற்க வேண்டும்.

கமிட் மெசேஜைத்தான் அதிக நேரம் எழுதினேன். இந்தப் பஸ்ஸுக்கு க்ளாக் தேவை என்பது தொடக்கத்திலிருந்தே தெரியும், பூட்லோடரை நம்பி சிம்பிள்-பஸ் என்று எழுதியது நான், புதிய கெர்னல் செய்தது சரி, அதை அனுப்பியவர்மீது தவறில்லை. இப்படி நாலு வரி. கெர்னலில் ஒரு வழக்கம் உண்டு, எந்தப் பழைய கமிட்டின் பிழையைச் சரிசெய்கிறோம் என்று கடைசியில் அதன் எண்ணைக் குறிப்பிட வேண்டும். என்னுடைய எண்ணைப் போட்டேன்.

ரிவ்யூவுக்குத் தம்பியின் பெயரைக் கொடுத்தேன். அவன் தன் இடத்தில் உட்கார்ந்து படிப்பது எனக்கு இங்கிருந்தே தெரிந்தது. மேலும் கீழும் ரெண்டு தடவை ஸ்க்ரோல் செய்தான். பிறகு எழுந்து வந்து என் மேஜை ஓரத்தில் நின்றான்.

"ஸாரி தம்பி" என்றேன்.

"பரவால்லீங்கக்கா. எனக்கு சிம்பிள்-பிஎம்-பஸ்னு ஒண்ணு இருக்கிறதே தெரியாது. இப்பத்தான் படிச்சேன்."

"ம்."

"ஒண்ணு கேக்கலாங்களா?"

"கேளு."

"டெஸ்ட் ரன் லாக் அட்டாச் பண்ணியிருக்கீங்கல்ல. அதுல டைம் வெள்ளிக்கிழமை நைட் ஒம்பதே முக்கால்னு இருக்கு."

நான் பதில் சொல்லவில்லை. பிறகு, பதிலே சொல்லாமல் இருப்பது வேறு என்று ஞாபகம் வந்து, "ஆமா" என்றேன். "அன்னிக்கே தெரியும். சொல்லல."

கொஞ்ச நேரம் நின்றான். தலையை ஆட்டினான். போய்த் தன் சீட்டில் உட்கார்ந்து என் பேட்ச்சில் ஒரு கமென்ட் போட்டான். க்ளாக் வரிக்கு மேலே, இது எதற்கு என்று ஒரு வரி விளக்கம் வேண்டும் என்று கேட்டிருந்தான்.

அவன் கேட்டது நியாயம். எழுதினேன்.